நீலம் வந்தால் மாத்திரை

யுத்த காலத்தில் ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கூடம் என்பது மரியாதைக்கு. மருந்துக் கிடங்கை ஒட்டிய ஒரு பொந்து அது. துறைமுகத்துக் கரித்தூள் ஜன்னல் வழியாக வந்து மேஜையில் படியும். காலையில் வார்டிலிருந்து சிறுநீர் சீசாக்கள் வரும். லிட்மஸ் காகிதத்தை நனைத்துப் பார்ப்பேன். அமிலம் என்றால் சிவப்பு, காரம் என்றால் நீலம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

ஆனால் அதில்தான் நிமோனியாக்காரர்களின் உயிர் இருந்தது. பென்சிலின் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத நேரம். சல்பா மாத்திரைதான் கதி. அது காய்ச்சலை அடக்கும். சிறுநீர் அமிலமாக இருந்தாலோ, சிறுநீரகத்துக்குள் பொடிப்பொடியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் கூடவே சோடா உப்பு மருந்தும் வயிறு முட்டத் தண்ணீரும் குடிக்க வேண்டும். காகிதம் நீலமானால் மாத்திரை தொடரும். சிவந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள்.

திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் நெஞ்சுச் சளியோடு வந்து சேர்ந்தார். சீசாவைக் கொண்டுவந்தது அவர் மனைவி. சின்ன வயசு. வெற்றிலை போட்ட வாய், இடுப்பில் சுருக்குப் பை. கொடுத்துவிட்டுப் போகமாட்டாள், காகிதத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“இன்னா அண்ணாத்தே, நீலமா?”

“இதென்ன பூ போட்டுப் பார்க்கிற கோயிலா? போம்மா” என்று விரட்டுவேன். நீலம் என்று சொன்ன பிறகுதான் நகர்வாள்.

ஒரு நாள் சிவந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். அன்று காய்ச்சல் ஏறி அவர் பிதற்ற ஆரம்பித்துவிட்டார் என்று வார்டில் சொன்னார்கள். அடுத்த நாள் காகிதம் நல்ல நீலம். அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கே மனசு லேசாயிற்று. பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

மறுநாள் வந்த சீசாவில் சிறுநீர் கொஞ்சம்தான் இருந்தது, செம்மண் தண்ணீர் நிறத்தில். காகிதம் நீலம்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஊசி ஊசியாக மருந்து உறைந்து கிடக்கிறது. இவ்வளவு நீலத்தில் அப்படி உறையக் கூடாது. சீசாவை வெளிச்சத்தில் தூக்கினேன். அடியில் வெள்ளையாக ஒரு வண்டல்.

“இதில் என்ன போட்டாய்?”

அவள் மறைக்கவில்லை. “துளியூண்டு சுண்ணாம்பு, அண்ணாத்தே. ஆரத்திக்கு மஞ்சத்தண்ணில போட்டா கலர் மார்தில்ல? அத்தமாதிரி இதுவும் மாரும்னு போட்டேன். சோடா மருந்து குட்த்தா எம் புருசன் வாந்தி எடுக்குது. சளிக்காரனுக்குத் தண்ணி குடுக்காதன்னு எங்க அத்த சொல்லிகினே கீது. செவப்பு வந்தா மாத்திரைய நிறுத்திடறாங்க, ஒடம்பு நெருப்பா கொதிக்குது. நான் இன்னா பண்ணுவேன்?”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீலம் நல்லது, சிவப்பு கெட்டது என்று மட்டும் சொல்லிக்கொடுத்து, ஏன் என்று ஒருவரும் இவளிடம் சொல்லவில்லை. வார்டுக்கு ஓடினேன். பொய் நீலத்தை நம்பி இரண்டு நாளாகக் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்தி ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். சிறுநீர் அதற்குள் நின்றுபோயிருந்தது.

அடுத்த காலையும் அவள் வந்தாள், காலி சீசாவோடு.

“ஒண்ணும் வர்ல அண்ணாத்தே. சும்மானா அந்தக் காயிதத்த வெச்சிப் பாரேன்.”

வெறும் சீசாவை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் கண்ணும் முகமும் வீங்கி, நினைவு தப்பி இறந்தார். குப்பத்து ஆட்கள் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் என் கதவருகே வந்து நின்றாள். அழுகை ஓய்ந்த முகம்.

“நான்தான் கொன்னுட்டேன்னு நர்சம்மா சொல்லுது. சுண்ணாம்ப சீசாவுலதான அண்ணாத்தே போட்டேன்? எம் புருசன் வாயில போடலியே. சீசாவுல போட்டது அவர இன்னா பண்ணும்?”

இரண்டே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன்.

“ஒன்றும் பண்ணாது, நீ போம்மா” என்றேன்.