இல்லாத பையனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

கடைக்காரர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. அதிலும் கணினிக் கடைக்காரர்கள் மீது சுத்தமாக இல்லை. காய்கறிக்காரர் கத்திரிக்காயைப் பற்றிப் பொய் சொல்வார். ஆனால் கத்திரிக்காய் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். கணினிக் கடைக்காரருக்கு அட்டைப்பெட்டி மட்டும்தான் தெரியும். பெட்டி பெரியதாக இருந்தால் நல்ல சாமான், விளக்கு எரிந்தால் இன்னும் நல்ல சாமான்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பெரம்பலூரில் வீடு, ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை. சிமெண்டைக் கட்டியாக வார்த்து, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று எடுத்து உடைத்து, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதி வைப்பேன். வீட்டுக்கு வந்தால் கணினியில் கேம் ஆடுவேன். இதைச் சொன்னால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நான் செல்போனில் மிட்டாய் உடைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். திருத்துவதை நான் விட்டுவிட்டேன்.

நான் ஆடியது பழைய காலத்து மலைநாடு ஒன்றில் குதிரையேறித் தபால் கொண்டு போகும் கேம். புல், பனி, தூரத்து மலைமுகடுகள் எல்லாவற்றையும் அச்சு அசலாகக் காட்டுவதால் அது கணினியைப் பிழிந்தெடுக்கும். என் கணினியில் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு ஆறு வருடம் பழையது. நொடிக்கு அறுபது படம் ஓடினால்தான் கண்ணுக்குச் சீராகத் தெரியும். எனக்கு முப்பது தாண்டுவதே அபூர்வம், புல்வெளிக்குள் போனால் இருபத்திரண்டு. அது கூடப் பரவாயில்லை என்று ஆடிக்கொண்டிருந்தேன். போன வருடத்திலிருந்து தலை சுற்ற ஆரம்பித்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில் வயிறு புரளும், இருபதில் படுத்துவிட வேண்டும், மறுநாள் காலைவரை தெளியாது. பதினான்கு முறை நேரம் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

நான் முடிக்காமல் வைத்திருந்தது ஒரே ஒரு கணவாய். அதைக் கடந்து மலைக்கு மறுபுறம் இருக்கும் ஒரு வீட்டில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கடக்க நாற்பது நிமிடம் ஆகும். வழியில் சத்திரம் கிடையாது, சத்திரம் வந்தால்தான் கேம் நம் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும். நடுவில் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் படுக்கலாம் என்றால், எங்கள் தெருவில் தினம் ஒரு தடவையாவது கரண்ட் போகும். ஆக, பத்தொன்பது நிமிடத் தலையை நாற்பது நிமிடத் தலையாக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த விளையாட்டையே விட்டுவிட வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டர் இரண்டாவதைத்தான் சொன்னார். சீட்டில் எழுதிக்கொண்டே, இந்த வயதில் எதற்கம்மா இதெல்லாம் என்று கேட்டார். அவர் மேசையில் கிடந்த செல்போனில் சீட்டாட்டம் பாதியில் நின்றிருந்தது.

கார்டு மாற்ற வேண்டும் என்று முடிவு செய்ததும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒருவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. உற்பத்திப் பிரிவில் இருப்பவர், அரியலூரில் ஏறுவார், முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் போலவே கேம் ஆடுகிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அல்ட்ரா. செட்டிங்ஸில் எதையெதை ஏற்ற முடியுமோ அத்தனையையும் உச்சிக்கு ஏற்றி வைப்பதற்கு அந்தப் பெயர். அல்ட்ராவில் ஓட்டாவிட்டால் அது கேமே இல்லை என்று பின்சீட்டிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொல்வார். நான் எப்போதும் முன்சீட்டு, கதவை ஒட்டிய ஒற்றை இருக்கை. பின்னால் உட்கார்ந்தால் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும் அந்த ரோட்டில் எனக்குக் குமட்டும். மேடம் டிரைவருக்கு வழி காட்டுகிறார்கள் என்று அதையும் கிண்டல் செய்வார்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது அரியலூரில் இறங்கி அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி காபி கொடுத்தார். இவர் அதே கேமைப் போட்டுக் காட்டினார். குதிரையின் வாலில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஆடியது. குதிரைதான் நகரவில்லை. விட்டு விட்டு, யோசித்து யோசித்துக் கால் வைத்தது.

"சினிமா மாதிரி இருக்குல்ல மேடம்?"

"குதிரைக்கு மூட்டு வலியா சார்?" என்றேன்.

அவர் மனைவி அடுப்பைப் பார்க்கப் போனார், அங்கே சிரித்தார். மறுவாரம் முழுக்க இவர் பஸ்ஸில் என்னிடம் பேசவில்லை. எனக்கு அது நல்ல வாரம்.

கார்டு வாங்க நான் நோட்டில் எழுதிக்கொண்டு போனவை: கேபினட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் கார்டு பிடிக்கும், பவர் சப்ளை எவ்வளவு தாங்கும், மானிட்டர் நொடிக்கு எத்தனை படம் காட்டும், மாலை ஐந்து மணிக்கு எங்கள் அறையின் வெப்பம், என் பதினான்கு நேரக் குறிப்புகள். முதல் கடை அரியலூரில். அங்கே கேமிராவும் பிரிண்டர் மையும்தான் இருந்தன, கார்டு என்றதும் மெமரி கார்டை எடுத்து வைத்தார். இரண்டாவது கடைக்காரர் நோட்டைப் பார்த்ததும் நான் வரி ஆபீஸிலிருந்து வந்திருப்பதாக நினைத்து நாற்காலி போட்டார். மூன்றாவது கடை பெரம்பலூரில், உரக்கடைக்கு மேல் மாடியில். படியேறும்போதே பூச்சிமருந்து வாடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் நோட்டைப் பிரிப்பதற்குள்,

"வாங்க மேடம். பையனுக்கா?" என்றார்.

எனக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொன்னால் அடுத்து என்ன வரும் என்று இருபத்திரண்டு வருடமாக எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு அச்சச்சோ, அப்புறம் ஒரு டாக்டர், அப்புறம் ஒரு கோயில். கடையில் வேறு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"ஆமா," என்றேன்.

"என்ன படிக்கிறாரு?"

"பன்னண்டாவது முடிச்சுட்டான்."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவே இல்லை. என் தலைக்கு மேலாக, எனக்குப் பின்னால் நிற்பதாக அவர் நினைத்த ஒரு பையனிடம் பேசினார். இந்த வயதுப் பசங்கள் இதைத்தான் கேட்பார்கள், மூன்று விசிறி இருக்கிறது, நிறம் மாறி மாறி எரியும், கண்ணாடிக் கேபினட்டில் வைத்தால் கூட்டாளிகள் வாயைப் பிளப்பார்கள். அறையின் வெப்பத்தை நான் சொன்னபோது, பசங்களுக்கு அதெல்லாம் தெரியாது மேடம் என்று என்னைத் தேற்றினார். தலை சுற்றலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு எதற்குத் தலை சுற்றப் போகிறது?

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் வாங்கிய அந்த மூன்று விசிறிக் கார்டையும் புதிய பவர் சப்ளையையும் மாட்டி, கேமைத் திறந்து, செட்டிங்ஸ் மொத்தத்தையும் அவரே உச்சிக்கு ஏற்றிவிட்டுப் போனார். பையன் வெளியே போயிருக்கிறானா என்று கேட்டார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நீட்டி யார் பையன் என்று கேட்கப் போனார். நான் பார்த்த பார்வையில் பேப்பருக்குள் திரும்பிவிட்டார்.

புதிய கார்டில் முதல் நாள் கணக்கு, பதினோரு நிமிடம்.

இரண்டு முறை பார்த்தேன். பதினொன்றுதான். பழைய கார்டைவிட எட்டு நிமிடம் குறைவு. ஒரு நேரம் தொண்ணூறு படம் ஓடும், ஆற்றங்கரை வந்தால் நாற்பத்தைந்துக்கு விழும், மறுபடி ஏறும். சூட்டில் மூன்று விசிறியும் மாவு மில் மாதிரி இரைந்தன. சோதனைக் கூடத்து வழக்கப்படி நாளுக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். நிழலைக் குறைத்தேன், பதின்மூன்று நிமிடம். வேகத்தில் படத்தை மழுங்கடிக்கும் மோஷன் பிளர் என்ற அபத்தத்தை அணைத்தேன், பதினாறு. புல்லைக் குறைத்ததில் படம் கூடியது, தலைக்கு ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆறாம் நாள் கார்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மாடியேறினேன். விளக்கு இல்லாத, சூடாகாத, சின்ன கார்டு ஒன்று போதும் என்றேன்.

"சின்ன கார்டக் கொண்டு போனா பையன் ஒங்கள வூட்டுக்குள்ளயே விட மாட்டான் மேடம். அவனக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்."

"பையன் இல்லைங்க."

"வெளியூர் போயிட்டானா?"

"பையனே இல்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ஆடறது நான்தான். பதினோரு நிமிஷத்துல தலை சுத்துது."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அச்சச்சோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் நோட்டைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொரு வரியாகப் படித்தார், படிக்கும்போது உதடு அசைந்தது.

"பஸ்ஸுல போனா சுத்துமா?"

"முன்சீட்டுல சுத்தாது. பின்னாடி உக்காந்தா சுத்தும்."

"அப்பறம் கேம்ல மட்டும் எதுக்கு மேடம் பின்சீட்டுல உக்காந்திருக்கீங்க?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் கணினியில் வேறு ஏதோ கேமைத் திறந்து பார்வைக் கோணம் என்ற செட்டிங்கைக் காட்டினார். அது குறைவாக இருந்தால், பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு தலைகளுக்கு இடையில் ரோட்டைப் பார்ப்பது மாதிரி. கூட்டினால் முன்கண்ணாடி முழுக்க ரோடு. அவர் மனைவிக்குத் திருச்சி போவதற்குள் இரண்டு தடவை வாந்தி வருமாம், முன்சீட்டில் உட்கார்த்தினால் ஒன்றும் வராதாம். பிறகு, படத்தை அறுபதுக்கு மேல் போக விடாமல் கட்டச் சொன்னார். கட்டிவிட்டால் ஏறவும் ஏறாது, விழவும் விழாது, இந்தக் கார்டே சூடாகாது, சின்னது எதற்கு என்றார். எல்லாம் சரியான பேச்சு. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சிறுவாச்சூர் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழம போயி..."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க."

"அம்மாளுக்கு வயசெல்லாம் கணக்கில்லைங்க மேடம்."

படியிறங்கினேன். பூச்சிமருந்து வாடைகூட அந்த நேரம் தேவலாம் போலிருந்தது.

அவரை மட்டும் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கலாம். முடியவில்லை. பதினோரு வருடமாகத் தினம் காலையில் முன்சீட்டில் உட்காருகிறேன், ஏன் என்றும் தெரியும். பார்வைக் கோணம் என்ற செட்டிங் அந்தக் கேமில் இருப்பதும் தெரியும். அதைக் கூட்டினால் நான்கு படம் குறையும் என்று எழுதி, அதனாலேயே தொடாமல் விட்டிருந்தேன். அறுபதில் கட்டுவதையும் யோசித்திருக்கிறேன். கட்டிவிட்டால் கார்டின் முழு பலத்தை எப்படி அளப்பது என்று விட்டுவிட்டேன். சிமெண்டுக் கட்டி உடையும்வரை பாரம் ஏற்றுகிறவள் வேறு எப்படி யோசிப்பாள்? பின்சீட்டு அல்ட்ராக்காரரை ஒரு வாரம் இளப்பமாகப் பார்த்தவள், அவருடைய வேலையைத்தான் நோட்டுப் போட்டுச் செய்திருக்கிறேன். கார்டைத் தேர்ந்தெடுக்க என்னென்னவோ அளந்துகொண்டு போனேன். யார் ஆடுவது என்ற ஒன்றில் மட்டும் பொய் சொன்னேன். சோதனைக் கூடத்தில் ஒருவர் சிமெண்ட் மாதிரியின் பெயரை மாற்றி எழுதினால் நான் அவரை அன்றைக்கே வெளியே நிறுத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, 9.10க்கு உட்கார்ந்தேன். அறுபதில் கட்டினேன். நிழலும் புல்லும் நடுத்தரம். விளக்குகளை அணைத்தேன். பார்வைக் கோணம் அறுபத்தைந்து டிகிரியிலிருந்து தொண்ணூற்றைந்து. குதிரையின் காதுகள் சின்னதாகிப் போயின, இரண்டு ஓரத்திலும் மலைகள் கொஞ்சம் இழுபட்டுத் தெரிந்தன, நடுவில் பாதை அகலமாகத் திறந்து கிடந்தது. விசிறிச் சத்தம் அடங்கிவிட்டதால் பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்டது. பதினோராவது நிமிடம் ஒரு மரப்பாலத்தில் கடந்தது. பத்தொன்பதில் பனி பெய்ய ஆரம்பித்தது. நான் வயிற்றைக் கவனித்தேன். அது தோசையைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

இருபத்தாறாவது நிமிடம் என் கணவர் காபியோடு வந்து கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் விழலியா?"

"குதிரையா, நானா?"

"யாராச்சும்," என்று காபியை வைத்துவிட்டுப் போனார். அது ஆறிப் போனது.

முகட்டில் காற்று பலமாக அடித்தது. அங்கே நின்று பார்த்தால் இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கும் ஒருசேரத் தெரியும் என்று படித்திருந்தேன். தெரிந்தது. அரை நிமிடம் நின்றேன், அதற்கு மேல் நிற்கப் பயமாக இருந்தது. இறக்கம் முழுக்க மெதுவாகவே விட்டேன். 9.53க்கு அந்த வீட்டு வாசலில் குதிரையை நிறுத்தினேன். நாற்பத்து மூன்று நிமிடம். தலையில் ஒன்றுமில்லை.

கதவைத் தட்டினேன். கிழவர் ஒருவர் திறந்தார், கடிதத்தை வாங்கினார், ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். பனியில் அவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்து, பையனுக்கா என்று கேட்கவில்லை.