எட்மண்டனில் ஒரு தலையாட்டல்

போன கிழமை வேலையிடத்துக் கூட்டத்தில் ஒருத்தி, நான் அவளை 'ரெயில்ரோட்' பண்ணுவதாகக் குற்றம் சாட்டினாள். ரயில்பாதையைக் குறிக்கும் சொல்தான். வினையாக்கிவிட்டால், எதிராளிக்கு யோசிக்கவோ மறுக்கவோ இடம் கொடாமல் நம் முடிவுக்குத் தள்ளிக்கொண்டு போவது என்று பொருள். அபாண்டம் என்றேன். அந்தக் கலையில் பத்து வயதிலேயே தேறியவன் நான் என்பதைச் சொல்லவில்லை.

அப்போது எட்மண்டனில் ஒற்றை அறையில் இருந்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. டொக்டர், கடை, கடிதம் எல்லாவற்றுக்கும் நானே வாய். அன்று வீடு கேட்டுக் கவுன்சில் அலுவலகத்துக்கும் வாயாகப் போயிருந்தேன். நகரின் மறுகோடியில் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார் அதிகாரிப் பெண். அங்கே போனால் பள்ளிக்கூடமும் மாறவேண்டும். பள்ளிக்கூட உதைபந்தாட்டக் குழுவில் என்னை அப்போதுதான் சேர்த்திருந்தார்கள், அதுவும் மாற்றாளாக வாங்கில் உட்கார்ந்திருக்க.

"ஈஸ்ட் ஹாமோ! ஓம் எண்டு சொல்லடா. பெரியம்மாவும் அங்கைதானே இருக்கிறா" என்றாள் அம்மா.

"அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்காதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மாவோ முகமெல்லாம் சிரிப்பாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் இப்படி ஆட்டினால் 'வேண்டாம்' என்று அர்த்தம் என்றேன். அந்தப் புண்ணியவதி, தெரியாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டு, மறுப்புப் படிவத்தை நீட்டினார். ஒப்பம் வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அம்மா சந்தோஷமாக வைத்தாள்.

வெளியே வந்ததும், "எப்ப குடிபோகலாமாம்?" என்றாள்.

"கிடைக்கிறது கஷ்டமாம் அம்மா. கனபேர் கேட்டிருக்கினமாம்."

அம்மா என் தலையைத் தடவினாள். "பரவாயில்லை விடு. நீயும் எவ்வளவு கதைச்சுப் பாத்தனி."

அதன்பின் வாசலில் கடிதம் விழுந்தாலே நடுங்கினேன். கவுன்சில்காரர் உண்மையை எழுதி அனுப்பியிருந்தாலும் அதை அம்மாவுக்கு வாசித்துச் சொல்லப்போகிறவன் நான்தான் என்பது உறைக்க ஒரு மாதம் ஆனது. அவ்வளவு மூளை.

பெரியம்மாவுக்காகத்தான் அம்மா ஆசைப்பட்டாள் என்று நினைத்திருந்தேன். என்னைக் கூப்பிடாமல், தன் பாட்டில் அங்குள்ள ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்து, கத்தரிக்காய் முற்றல் என்று கடைக்காரரோடு தானே சண்டை பிடித்துவிட்டு வர அவள் எவ்வளவு ஏங்கியிருப்பாள் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவேயில்லை.