கரண்ட் சைக்கிள்

அண்ணன் நெஞ்சுவலியோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது, உப்பைக் குறைக்க வேண்டுமென்றும் சைக்கிள் மிதிக்கக் கூடாதென்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உப்பை விட்டுவிட்டார். சைக்கிளை விட முடியவில்லை. ராயப்பன்பட்டிப் பக்கம் மேட்டில் இருந்தது அவருடைய திராட்சைத் தோட்டம். பைக் ஓட்டத் தெரியாது. என் மொபெட்டில் பின்னால் உட்காரச் சொன்னால், “என்னையும் மூட்டைன்னு நெனச்சியாலே?” என்று எரிந்து விழுவார். அடுத்தவர் தயவில் போய்ப் பார்ப்பதென்றால் அது தன் தோட்டமே இல்லை என்பது அவர் கட்சி.

நான் உத்தமபாளையத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தேன். அண்ணன் மகன் காலேஜ் நாளில் அடம்பிடித்து வாங்கி, பிறகு சீந்தாமல் போட்ட கியர் சைக்கிள் ஒன்று இருந்தது. அதை என் வீட்டு முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கோயம்புத்தூரிலிருந்து சின்ன டிசி மோட்டார் வரவழைத்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பட்டை வெல்டு வைத்து மாட்டி, அதற்குத் தனிச் செயின் போட்டேன். கேரியரில் இரண்டு யுபிஎஸ் பேட்டரி. மோட்டாரை ஓட்டக் கைப்பிடியை முறுக்கும்போதெல்லாம் அந்தச் செயின் கழன்று விழுந்தது. எத்தனையோ பெரிய மோட்டாரைப் பிரித்து மேய்ந்தவன் இதற்குப் போய்த் தண்ணி குடிக்கிறேனே என்று ஸ்பானரை வீசி எறிந்திருக்கிறேன். ஒருவழியாகச் செயின் நிலைத்து, பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நிற்கும்படி சுவிட்சு வைத்த பிறகுதான் அண்ணன் கையில் கொடுக்க மனசு வந்தது.

அவர் ஏறி, கைப்பிடியை முறுக்கி, தெருமுனை வரை போய்த் திரும்பினார். சிரிக்கவில்லை. “காலு ரெண்டும் சும்மா இருக்குது, கூச்சமா இருக்குலே” என்றார். மறுநாளே தோட்டத்துக்குப் போய் வந்தார்.

தெருவில் அதற்குக் கரண்ட் சைக்கிள் என்று பேர் வைத்தார்கள். மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம் அது. பேட்டரியில் ஏற்கெனவே ஏற்றி வைத்ததில்தான் ஓடுகிறது என்று சொன்னாலும் யார் மண்டையிலும் ஏறவில்லை. கரண்ட் போனால் மிக்சி நிற்கிறது, பம்புசெட் நிற்கிறது, சைக்கிளும் நிற்கும் என்றே நினைத்துக்கொண்டார்கள். அண்ணன் மகனும் அப்படித்தான் நினைத்தான்.

ஒருநாள் காலை, பம்புசெட் ஸ்டார்ட்டரைப் பார்க்க நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கரண்ட் இல்லை. பந்தலுக்கு அடியில் அண்ணன் மகன் ஒரு நிலப் புரோக்கரோடு நின்றிருந்தான்.

“அப்பா இன்னைக்கு வரமாட்டாக. கரண்ட் இல்லைல்ல” என்று அவரிடம் சொன்னவன், என் பக்கம் திரும்பினான். “சித்தப்பா, இனி அப்பாவால தோட்டம் பாக்க முடியாது. அவுக இருக்கும்போதே விக்கக் கையெழுத்து வாங்கிட்டா நமக்கு நல்லது. நீங்க சொன்னாத்தான் கேப்பாக.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பந்தல் ஓரத்தில் தொங்கிய கொடிகளுக்குக் கீழே இரண்டு சக்கரம் தெரிந்தது. பக்கத்தில் வேட்டிக் கரையும் ரப்பர் செருப்பும். சத்தமே போடாத வண்டி; எப்போது வந்தாரோ, எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை.

அண்ணன் குனிந்து உள்ளே வந்தார். ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, “மருந்தடிக்கணும்” என்றார். புரோக்கர் நழுவிவிட்டார். மகன் தலை நிமிரவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. அப்பா போய்விடுவார் என்ற பயத்தை அவனுக்கு அப்படித்தான் பேசத் தெரிந்தது. இது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவனை அறையத்தான் கை துடித்தது.

திரும்பும்போது அண்ணன் முன்னால் போனார், நான் மொபெட்டில் பின்னாலேயே வந்தேன். அவர் வீட்டு வாசலில் இறங்கியவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, இதுல ஒரு ஹாரன் மாட்டிக் குடு.”

“எதுக்குண்ணே? மணி இருக்குல்ல.”

“மணி பத்தாது. நல்லாச் சத்தமா ஒண்ணு மாட்டு. நான் இருக்கேன்னு தெரியட்டும்.”