பெயின்டிங் தலையில் எழுதிய நேரம்

அடுகோடியில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் செலவுக் கணக்குப் பார்க்கிறேன். கேன்டீன், மராமத்து, செக்யூரிட்டி எல்லாம் ஒரு பம்பையும் செய்வதில்லை, ஆனால் மாதம் தவறாமல் செலவு வைக்கும். அந்தச் செலவை மிஷின் ஷாப், அசெம்ப்ளி, பெயின்டிங் என்ற மூன்று பிரிவுகளுக்கும் பங்கு போடுவது என் வேலை. கேன்டீன் செலவுக்கு ஆள் கணக்கு. மராமத்துச் செலவுக்கு அவர்கள் எங்கே எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்ற கணக்கு. எப்படிப் போட்டாலும் மூன்று பிரிவு மேஸ்திரிகளில் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். அலுத்துப்போன சண்டை.

வராதவர் பெயின்டிங் மேஸ்திரி, பக்கத்து நீலசந்திராக்காரர். மராமத்து ஆட்கள் ஒவ்வொரு வேலைக்கும் கார்டு எழுதி, அந்தந்த மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தினமும் யார் எழுதுகிறார்கள்? மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவார்கள். எங்கே போனதென்று தெரியாத நேரத்தை, டீ குடித்த நேரம் உட்பட, பெயின்டிங் தலையில் கட்டிவிடுவார்கள். மற்ற இருவரும் கேள்வி கேட்பார்கள். இவர், "எய்திக்கோப்பா, நாளிக்கு கம்ப்ரஸர் நின்னா நீதான வரணும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்கலாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் கூட்டல் சரியாக வந்தது. கூட்டல் சரியாக வந்தால் வீட்டுக்குப் போகலாம். இதற்குச் சோம்பல் என்பதைத் தவிர நல்ல பெயர் கிடைக்கவில்லை.

போன வருடம் முதலாளி என் தாளைப் பார்த்தார். பெயின்டிங் நஷ்டம், வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்றார். அங்கே ஒன்பது பேர். இரண்டு நாள் உட்கார்ந்து, பழைய கார்டுகளை ஸ்டோரில் சாமான் வாங்கிய சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தேன். பெயின்டிங்குக்கு எழுதிய நேரத்தில் பாதிக்கு ஒரு நட்டுகூட அங்கே போகவில்லை. அதைக் கழித்தால் நஷ்டமே இல்லை.

முதலாளி பொறுமையாகத்தான் பார்த்தார். "நீங்க சொல்றது கரெக்ட். ஆனா வெளிய அக்ரிமென்ட் போட்டாச்சே" என்றார்.

பெயின்டிங் மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அப்போ நாங்க நஷ்டம் பண்லியா சார்?"

"இல்ல."

"இத இவங்ககிட்டயும் சொல்லிடுங்க. வேல சரியில்லனுதான் தொரத்துறாங்கனு நெனச்சினு கீறாங்க."

கூப்பிட்டார். எட்டுப் பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். உங்கள் மேல் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு என்று சொன்னேன். அவர்களுக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும்போது ஒருவர் மட்டும் கேட்டார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் சார்?"

"ஆரம்பத்துலேர்ந்தே" என்றேன்.