ஒரு மணித்தியால ஆங்கிலத்தின் விலை

அறுபதுகளில் நானும் மனைவியும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருந்தோம். எனக்குக் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவன் அந்தக் கந்தோரில் நான் ஒருவன்தான். அந்தப் பட்டத்துக்காக என் தகப்பனார் ஈடு வைத்த வயல் திரும்பி வரவே இல்லை. அதனால் பட்டத்தின் பெறுமதி என்ன என்ற கேள்வி எனக்கு வெறும் பேச்சுக்கான கேள்வி அல்ல.

சிங்களம் ஆட்சிமொழியான பிறகு வேலைக்குச் சேர்ந்தவன் நான். சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் வருடாந்தச் சம்பள உயர்வு இல்லை. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். மூன்றாவது தடவையும் தவறினால் வேலையே போய்விடும் என்று கடிதம் வந்தது. மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம்.

எனக்கு விளங்காத சங்கதி இதுதான். வெளிநாட்டுக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் மேலதிகாரி என்னைத்தான் கூப்பிடுவார். நான் எழுதியதை வாசித்து, அருமை என்பார். கையெழுத்தை அவர் போடுவார், சம்பள உயர்வும் அவருக்குத்தான். என் ஆங்கிலம் கந்தோருக்கு வேண்டும், ஆனால் அதை வைத்திருப்பவனுக்குக் காசு இல்லை என்றால் அது என்ன கணக்கு? மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியாது.

கந்தோரில் ஒரு பியூன் இருந்தார். களனிப் பக்கத்துச் சிங்களவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். இளவயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் கடையில் நின்று தமிழ் பழகியவர். வேலை போய்விடும் என்ற அந்தக் கடிதத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். நான் பிரித்து வாசித்து முடிக்கும்வரை நகராமல் நின்றார்.

“மாத்தையா, எனக்கு ஒரு மகள் இருக்கு. அவளுக்கு இங்கிலீசு படிச்சுக் குடுங்க. நான் உங்களுக்குச் சிங்களம் சொல்லித் தாறேன். சல்லி வேணாம்.”

“இப்ப எல்லாம் சிங்களம்தானே. பிள்ளைக்கு என்னத்துக்கு இங்கிலீசு?” என்றேன்.

“சிங்களம் எங்கட வீட்டில இருக்கு மாத்தையா. பெரிய ஆக்கள் தங்கட பிள்ளைகளோட இங்கிலீசிலதானே பேசுறாங்க. அவங்கட வீடுகளுக்கு ஃபைல் கொண்டுபோற ஆள் நான். எனக்குத் தெரியும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே களனியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒரு மணித்தியாலம் படிப்பித்தேன். பிறகு அவருடைய முறை. பிள்ளையின் பழைய மூன்றாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். ஒரு மணித்தியாலம் முடிந்தும் அவர் எழும்பவில்லை. நேரமாகிவிட்டது என்றேன்.

“இல்ல மாத்தையா. உங்கட ஒரு மணித்தியாலத்துக்கு என்ட ரெண்டு. நீங்க யூனிவர்சிட்டி போய்ப் படிச்ச ஆள். எனக்கு இது சும்மா வந்தது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வயல் போன நாளிலிருந்து அந்தப் பட்டத்துக்கு ஒருவர் வாயால் விலை சொன்னது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு எல்லா ஞாயிறும் அதே கணக்குத்தான். நான் எழுத்தைப் பிழையாகச் சுழித்தால் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, “டிகிரிக்காரர் அரிவரி வகுப்பில இருக்கிறார்” என்று பகிடி பண்ணுவாள்.

எழுத்துப் பரீட்சை ஒருவாறு முடிந்தது. அடுத்தது வாய்மொழிப் பரீட்சை. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் ஊர், வீடு, வேலை என்று சிங்களத்தில் கேட்டார். பியூன் சொல்லித்தந்தபடி, தடக்கித் தடக்கிச் சொன்னேன். அவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். பட்டத்தைக் கண்டதும் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் பேசினார். தன் மகன் ஆங்கிலத்தில் பின்தங்கி இருக்கிறானாம். நான் வீட்டில் படிப்பிப்பதுண்டா?

ஆங்கிலத்தில் வாய் திறந்தால் சிங்களம் தெரியாதவன் என்று எழுதிவிடுவாரோ? சிங்களத்திலேயே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை வருகிறது, மகனைச் சனிக்கிழமை அனுப்புங்கள், வீடு இந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று. என் வாழ்க்கையில் நான் தடக்காமல் பேசிய முதல் சிங்களம் அது. பெரியவர் சிரித்தார். கடதாசியில் ஏதோ எழுதினார். அது என் புள்ளியா, என் முகவரியா என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் பிறந்து இருபதாம் நாள் பரீட்சைப் பெறுபேறு வந்தது. சித்தி. வேலை தப்பியது, நின்றுபோன சம்பள உயர்வுகளும் நிலுவையோடு வந்தன. சனிக்கிழமைகளில் நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். பெரியவரின் மகன் வரவே இல்லை. வந்திருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். அந்தக் காசைத் தந்தது என் சிங்களமா, என் ஆங்கிலமா? மனைவியிடம் கேட்டேன்.

“எந்தப் பாஷையில வந்தா என்ன, சல்லி சல்லிதானே. உங்களுக்கு எல்லாத்திலயும் ஓர் ஆராய்ச்சி.”

பியூனுக்கு அந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை. வீட்டில் சுட்ட பலகாரத்தைத் தட்டில் வைத்து, என்னுடைய மாணவன் பாஸ் என்று கந்தோர் முழுக்கக் கொடுத்தார். “ஓரல்ல என்ன கேட்டாங்க மாத்தையா?” என்றார். நீங்கள் சொல்லித்தந்ததைத்தான் கேட்டார்கள் என்றேன். பெரியவர் தன் மகனுக்காகக் கேட்டதை மறைத்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த ஞாயிறு மகளோடு வந்தார். பாடம் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை வெளியே எடுத்தார்.

“இனி மாத்தையாவுக்கு என்ட சிங்களம் தேவையில்ல. இங்கிலீசு ஒரு மணித்தியாலம் எவ்வளவு என்டு சொல்லுங்க. நான் தாறேன்.”

நான் யோசித்தேன். வயலை நினைத்தேன், மேலதிகாரியின் கையெழுத்தை நினைத்தேன், பெரியவரின் கடதாசியை நினைத்தேன். எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து அந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தேன்.

“எனக்கு இன்னும் சரியா வரேல்ல. இருங்கோ,” என்றேன்.

அவர் நோட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றும் இரண்டு மணித்தியாலம் முடிந்த பிறகுதான் எழும்பினார்.