பச்சை நூல் கட்டிய பாட்டில்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சாலட் டிரெஸ்ஸிங் பாட்டில்களின் முதுகைப் படித்தது. கடையில் அந்த அலமாரிக்கு வெளிச்சம் போதாது. நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி நீட்டினாள்.

"இது?"

"சீஸ் இருக்கு. வை."

"இது?"

"கேசினேட். அதுவும் பால்தான், வேற பேர்ல."

"எண்ணெயையும் வினிகரையும் கலக்குறதுக்கு நடுவுல மாடு எதுக்குடி?"

அடுத்ததில் 'பால் இருக்கலாம்' என்று போட்டிருந்தது. "இருக்கலாம்னா? வந்தாலும் வருவேன்னு விருந்தாளி மாதிரி சொல்றானே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொட்டுப் பால் உள்ளே போனாலும் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். முன்பே இரண்டு முறை ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது.

கடைசியில் ஒன்று தேறியது. எண்ணெய், வினிகர், கடுகு, பூண்டு, உப்பு. அவ்வளவுதான்.

அம்மா தையல்காரி. முன்னறையில் சீருடையும் திரைச்சீலையும் தைப்பாள். கத்தரி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. பால் இல்லை என்று உறுதியான பாட்டிலின் கழுத்தில் பச்சை நூல் கட்டி வைப்பாள். நூல் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். "எல்லாருக்கும் டை கட்டி ஆபீசுக்கு அனுப்புறியா?" என்று அப்பா கேலி செய்வார்.

நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். அன்றும் சொன்னேன்: "இன்னைக்குப் படிச்சது இந்த பாட்டிலுக்கு மட்டும்தாம்மா. அடுத்தது வாங்கினா மறுபடி படிக்கணும்."

"சரிங்க ஆபீசர்."

அது தீர்ந்ததும் அவளே போய் இன்னொன்று வாங்கினாள். அதே பெயர், அதே படம். ஆனால் மூடி, அழுத்தித் திருகும் புது வகை. தினமும் அந்த விரலால் முடியாது. பக்கத்து வீட்டு அக்காவை ஒருமுறை திறந்து தரச் சொல்லி, மொத்தத்தையும் பழைய பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். அதன் மூடி லேசாகத் தட்டினாலே திறக்கும். அக்காதான் பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

பழைய பாட்டிலின் கழுத்தில் பச்சை நூல் அப்படியே இருந்தது.

காலியான புது பாட்டிலைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்தேன். முன்பக்கம்: 'இப்போது இன்னும் கெட்டியாக!' பின்பக்கம், கடுகுக்கு அடுத்து: மோர்ப் புரதத் தூள்.

மூச்சடைத்தால் தொடையில் குத்திக்கொள்ள ஓர் ஊசி உண்டு. அவளிடம் இருந்தது காலாவதியாகி, தூக்கிப் போட்டிருந்தாள். புதியது வந்துவிட்டது என்று மருந்துக் கடைக்காரர், அவள் அதை ஊற்றிச் சாப்பிட்ட அன்று காலைதான் போன் செய்திருக்கிறார்.

"உடனே வந்து வாங்கிக்குங்கம்மா."

"ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கணும் தம்பி. முடிச்சு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

ஓரம் அடித்து முடித்திருந்தாள். தட்டில் பாதி சாலட் மிச்சமிருந்தது. ஊசி கடையிலேயே இருக்கிறது, அவள் பெயர் எழுதிய பையில்.