என் பழைய குரல் செய்த ஜெபம்

முதலில் பார்த்தது நானல்ல, வசந்தா அக்கா. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறவர். கேன்டீனில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கிறிஸ்டி, தண்ணி முழுங்கசொல்ல கழுத்துல ஒண்ணு ஏறி எறங்குது? வலி கீதா?"

வலி இல்லை. இல்லாததால் நானும் சில மாதம் சும்மா இருந்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு அப்படி ஏதாவது தென்பட்டால் சும்மா இருக்காதீர்கள்.

கழுத்தில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பியில் புற்றுநோய். "இது நல்ல வகைம்மா, குணமாயிடும்" என்றார் அறுவை மருத்துவர். புற்றிலும் நல்லது உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, சில பேருக்கு அது சோர்ந்துபோகலாம் என்றும் சொன்னார். நான் பயப்படவில்லை. என் குரல் விஷயத்தில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது.

எங்கள் சபை படப்பையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடுகிறது. பாதிப் பேர் என்னையும் என் கணவர் செல்வினையும் போலத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆளுக்கொரு ஷிப்ட். எல்லோரும் ஒன்றாக முழங்கால்படியிட வழியில்லை. அதனால் ஜெபச் சங்கிலி வைத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். அந்த நேரத்தில் ஜெபித்து, அதைக் குரல்பதிவாகச் சபையின் போன் குழுவில் போட வேண்டும். அடுத்தவர் அங்கிருந்து தொடர்வார். சங்கிலி அறுபடக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

விடியற்காலை என்னுடையது. காலை ஷிப்ட்காரர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். எனக்கு வெண்கலத் தொண்டை. "ஆண்டவரே, எங்களை முழுவதும் எடுத்துக்கொள்ளும், பாதி வேண்டாம்" என்று முடிப்பேன். பகட்டுக்குச் சொன்னதில்லை. மனதாரத்தான் சொன்னேன். அவருக்கே கொடுத்த குரலை அவர் காப்பாற்றிக்கொள்வார் என்று நம்பித்தான் அறுவைக்குப் போனேன்.

கண் விழித்ததும் செல்வினைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது.

மூக்கு வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்த்தார்கள். இடது குரல்நாண் வாதம் (குரல்வளையிலுள்ள இரண்டு மடிப்புகளில் ஒன்று அசையாமல் நின்றுவிடுவது). மருத்துவர் ஒளிக்காமல் பேசினார். "நரம்பு அறுபடலம்மா, அதிர்ச்சியில இருக்கு. மாசக்கணக்கா ஆகும். பழைய மாதிரியே வருமான்னு கேட்டா, என்னால சொல்ல முடியாது."

இந்த நிலையில் தண்ணீர் புரையேறும். தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, சிறு வாயாகக் குடியுங்கள். விரல் நுனிகளும் உதடும் மரத்து, எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அது சுண்ணாம்புச் சத்து இறங்குவதன் அடையாளம். இதெல்லாம் எனக்கு அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கோபத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளும் என்று ஊர் கேட்கக் கூவியவள் நான்தான். எடுத்துக்கொண்டார். யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்த கட்டமாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள் (உடம்பில் மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் மருந்து). அதைச் சாப்பிட்டவர் சில நாள் தனியறையில் இருக்க வேண்டும், மற்றவர்கள் மேல் கதிர் படக் கூடாதென்று. சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த அறையில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. தொண்டைதான் போயிற்று, மனதுக்குள் ஜெபிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மனம் வரவில்லை. ஆண்டவர் பக்கம் திரும்பிப் படுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு காலை, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்த போனில், நெடுநாளாகத் திறக்காத சபைக் குழுவைத் திறந்தேன். என் நேரத்தில் ஒரு பதிவு இருந்தது. தொட்டதும் அறை முழுக்க என் குரல் நிறைந்தது. வெண்கலமாக, சந்தோஷமாக, பாதி வேண்டாம் என்று கேட்டது. நடுவில், "வியாதிப் படுக்கையிலிருக்கிற எங்கள் சகோதரிமாருக்கு விசுவாசத்தைத் தாரும்" என்றும் சொன்னது. நான் செத்துப்போய், என் ஜெபம் மட்டும் எனக்காக மன்றாடிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கீழே ஆமென்கள் வரிசையாக விழுந்திருந்தன. முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும் அப்படியே.

போட்டவர் ஜெபராஜ் அண்ணன், சங்கிலியைப் பார்த்துக்கொள்கிறவர். நான் வீடு திரும்பியதும் செல்வின் அவரிடம் கேட்டார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "சங்கிலி அறுந்துரக் கூடாதுல்லா தம்பி. தங்கச்சி ஜெபம் எங்கிட்ட நெறையக் கெடக்கு. கர்த்தருக்குப் பழசு புதுசு உண்டுமா?"

உண்டு என்று சொல்ல எனக்குக் குரல் இல்லை. சொல்லவும் வெட்கமாக இருந்தது. அந்தப் பழைய குரலுக்கு இருந்த விசுவாசம் இப்போது எனக்கு இல்லையே. என்னைவிட அவள்தான் அந்த நேரத்துக்குப் பொருத்தமானவள். நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் விழித்துக் கிடந்து அவள் ஜெபிப்பதைக் கேட்டேன்.

பிறகு ஜெனி பார்க்க வந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் உடன்குடிப் பெண், சபைக்குப் புதிது. எனக்குக் கழுத்தில் ஏதோ அறுவை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். வேலை பிடிக்கவில்லை, ஊருக்கே போய்விடலாமென்று தோன்றுகிறது, என் ஜெபத்தைக் கேட்டுத்தான் தினமும் பஸ் ஏறுவதாகச் சொன்னாள். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். காற்று வந்தது. அவள் என் வாயையும் கழுத்துத் தழும்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ தெனமும் நான் கேக்கது யாருக்கா?"

அன்று மாலையே ஜெபராஜ் அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன், இனி என் பழைய பதிவுகளைப் போட வேண்டாமென்று. அப்படியானால் அந்த நேரத்தை வேறு சகோதரிக்குக் கொடுக்கவா என்று கேட்டார். எனக்கே வேண்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நம்பிக்கையெல்லாம் திரும்பிவிடவில்லை. இன்னொருத்தி எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது போதும் என்றிருந்தது, அந்த இன்னொருத்தி நானாகவே இருந்தாலும்.

மறுநாள் விடியலில் பதிவு செய்தேன். வந்ததெல்லாம் மூச்சு. ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தை. குழுவில் உடனே பதில்கள் வந்தன: சிஸ்டர், சரியாகப் பதிவாகவில்லை, மறுபடி அனுப்புங்கள். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை. செல்வின் காபியை ஆற்றிக் கையில் கொடுத்தார்.

"கேக்கவங்களுக்கா அனுப்புத?" என்றார்.

தினமும் அனுப்புகிறேன். ஜெனி இன்னும் ஊருக்குப் போகவில்லை. பஸ் வந்துவிட்டால் இரைச்சலில் ஒன்றும் கேட்காதாம். முன்னதாகவே நிறுத்தத்துக்கு வந்து கேட்டுவிடுகிறாள். பழைய பதிவுகளைச் சிலர் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு பஸ்ஸில் அந்தப் பழைய குரல்காரி இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருப்பாள். அது நினைவுக்கு வந்தால் இப்போதும் முதுகு சில்லிடுகிறது.

குரல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கரகரப்பாக. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. நேரத்தை இப்போது மூச்சால்தான் அளக்கிறேன். முன்பு ஒரே மூச்சில் கொட்டிய ஜெபத்தைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிகிறது. "ஆண்டவரே, என்னை முழுவதும்" என்பதோடு மூச்சு தீர்ந்துவிடும். "எடுத்துக்கொள்ளும்" என்று சொல்ல இன்னொரு மூச்சு இழுக்க வேண்டும்.

அந்த இடைவெளியில் நிற்கிறேன். எடுத்துக்கொள்வார் என்று இப்போது எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்ட நாட்கள் உண்டு. அந்த நாட்களில் என் ஜெபம் அங்கேயே நின்றுவிடும். பதிவை அப்படியே அனுப்பிவிடுவேன்.

இன்று மூச்சை இழுத்தேன். சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்.